கழன்ற ஷாஃப்ட்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குப் மனைவி பெற்றிசியாவின் அழைப்பு வந்தபோது கொன்ஸ்ரன்ரைன் மன்னார்த் தீவின் பள்ளிமுனைக் கரையில், யாரோ ஒருவருடைய படகு எஞ்சினைச் சரித்துப் போட்டு அதன் விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிறீஸ். போனைத் தோளால் காதோடு அண்டக்கொடுத்துக்கொண்டு, "ஓம், சொல்லு" என்றான்.

"கார் நிண்டுபோச்சு. முருங்கன் சந்தியில இருந்து நாலு கட்டை தூரம் தாண்டி நிக்கிறன்" என்றாள் பெற்றிசியா. "எஞ்சின் ஓடுது. கியரும் விழுது. ஆனா கார் அசையுதில்லை. கீழால ஒயில் ரோட்டு முழுக்க ஓடுது."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். முன் சில்லுக்குக் கிட்ட."

இடப்பக்கம்தான் நேற்றுப் பின்னேரம் அவன் கைவைத்த பக்கம்.

"கனகரத்தினம் அண்ணை உள்ளுக்கோ?"

"உள்ளுக்குத்தான் இருக்கிறார். அக்காவும் நிக்கிறா. ஏழு மணிக்கு அவரை மிசினில ஏத்தவேணும். பஸ் ஒண்டை மறிக்கப் பாக்கிறன். நீங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு வாங்கோ."

நேற்று என்ன செய்தனீங்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்வரை கொன்ஸ்ரன்ரைன் கடலுக்குப் போனவன். ஒரு வாடைக்காலத்தில் படகைக் கரைக்கு இழுக்கும்போது முதுகெலும்பில் ஏதோ விலகிவிட்டது. இனிப் படகில் குலுங்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். படகையும் எஞ்சினையும் விற்றுப் பழைய யப்பான் கார் ஒன்றை வாங்கினார்கள். அவன் ஓட்டுவதாகத்தான் முதலில் யோசனை. ஒரு மணித்தியாலம் இருந்து ஓட்டினால் முதுகு விறைத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது பெற்றிசியா, "நான் பழகிறன்" என்றாள். முப்பத்தெட்டு வயதில் பழகினாள். அந்தத் தெருவில் கார் ஓட்டிய முதல் பெண் அவள்தான். அவன் வீட்டோடு இருந்து படகு எஞ்சின்கள் திருத்தினான். வேலை வருகிற நாள் வரும், வராத நாள் வராது. உலை வைப்பது பெற்றிசியாவின் கார்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை அவர்கள் கதைப்பதில்லை.

கனகரத்தினத்தை அவள் முதலில் கண்டது ஆஸ்பத்திரி வாசலில். முருங்கனுக்கு உள்ளே ஒரு கிராமத்து வயல்காரர். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. கிழமையில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, நாலு மணித்தியாலம் மிசினில் படுத்து இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். முடிந்து வரும்போது ஆளுக்குத் தலை சுற்றும், வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும். அதனால் ஓட்டோக்காரர்களும் வான்காரர்களும் மெல்ல மெல்லத் தட்டிக் கழித்தார்கள். அன்றைக்கு அவருடைய மனைவி சிவலட்சுமி வாசலில் நின்று யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தபோது பெற்றிசியா தன் காரின் கதவைத் திறந்து, "ஏறுங்கோ அக்கா" என்றாள். எட்டு மாதமாக அவள்தான் விடிய வெறுங்காராக இருபது கிலோமீற்றருக்கு மேல் ஓடிப்போய் அவரை ஏற்றி வந்து, மத்தியானம் திரும்பவும் கொண்டுபோய் விடுகிறாள்.

அந்தக் காரைத்தான் நேற்று அவன் கழற்றினான்.

ஒரு மாதமாக இடப்பக்கச் சில்லைச் சுழற்றும் ஷாஃப்ட் கியர்பொக்சுக்குள் போகிற இடத்தில் ஒயில் கசிந்தது. மன்னார் ரவுனில் ஒரு கராஜ்காரர், ஒயிலை அடைக்கும் ரப்பர் வளையமான சீலைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். நல்ல வேலைக்காரர். ஆனாலும் இரண்டு கிழமையில் திரும்பவும் முற்றத்து மணலில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. "எத்தினை படகு எஞ்சினுக்கு நான் சீல் போட்டிருக்கிறன். இதென்ன பெரிய வேலையோ?" என்று கொன்ஸ்ரன்ரைன் தானே ஒரு சீலை வாங்கிவந்து, காரை ஜக்கில் தூக்கி, மரக்கட்டையில் நிறுத்தி, கீழே படுத்தான். பழைய சீலைக் கிண்டி எடுத்துப் புதியதை இறுக்கினான். எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசியில் ஷாஃப்ட்டை உள்ளே தள்ளும்போதுதான் பிழைத்தது. அதன் முனையில் ஒரு கம்பி வளையம் இருக்கிறது. அது உள்ளே போய் விரிந்து பிடித்தால் டக்கென்று ஒரு சத்தம் வரவேண்டும். வந்ததா என்று அவனுக்கு நிச்சயமில்லை. முதுகு குத்தியது. பெற்றிசியா தையல் கடைக்குப் போய்த் திரும்புகிற நேரம். அவள் வருவதற்குள் முடித்துவிட்டு, கையைக் கழுவி, கதிரையில் சும்மா இருப்பதுபோல இருக்கவேண்டும் என்று அவனுக்கு ஒரு ஆசை. ஷாஃப்ட்டைப் பிடித்து ஒருமுறை வெளியே இழுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போயிட்டுதுதானே என்று சில்லைப் பூட்டிவிட்டான்.

அவன் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழரை தாண்டிவிட்டது. கார் வீதியோரம் ஒரு பக்கம் சரிந்து நின்றது. பெற்றிசியாவும் மற்ற இரண்டு பேரும் பஸ்ஸில் போய்விட்டார்கள். காருக்குப் பக்கத்தில் ஒரு உழவு மெசின். அதில் நெஞ்சு முழுக்க நெற்தூசியோடு ஒருவர் இருந்தார்.

"நான் சுபாஸ்கரன். கனகரத்தினத்தின்ர தம்பி" என்றார். "அண்ணி போன் எடுத்தவ. வெட்டின நெல்லு ரோட்டில காயுது, விட்டுட்டு ஓடி வந்தனான்."

கொன்ஸ்ரன்ரைன் குனிந்து பார்த்தான். ஷாஃப்ட் கியர்பொக்சை விட்டு முழுதாக வெளியே வந்து தொங்கியது. அது நின்றிருந்த ஓட்டையால் கடைசி ஒயில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"தீவுக்கு இழுத்துக்கொண்டு போக அரைநாள் போயிடும் அண்ணை" என்றார் சுபாஸ்கரன். "எங்கட வளவு கிட்ட. அங்க வைச்சுச் செய்யுங்கோ. நிழல் இருக்கு, தண்ணி இருக்கு."

அந்த வளவைத் தவிர வேறு எங்கே என்றாலும் போகலாம் என்று கொன்ஸ்ரன்ரைனுக்கு இருந்தது. மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கயிற்றைக் கட்டினார்கள். அவன் காருக்குள் இருந்து ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டான். பின் சீற்றில் ஒரு மடித்த துவாயும் அரைப் போத்தல் தண்ணீரும் கிடந்தன. அவசரத்தில் விட்டுப் போயிருக்கிறார்கள்.

கனகரத்தினம் வீட்டு வளவில் ஒரு பெரிய வேம்பு நின்றது. அதன் கீழ் காரை நிறுத்தி, கல் அண்டக்கொடுத்து, அவன் வேலையைத் தொடங்கினான். சில்லைக் கழற்றி, நடுவில் இருந்த பெரிய நட்டைக் கழற்றி, கீழே சில்லைத் தாங்கும் இணைப்பைப் பிரித்து, ஷாஃப்ட்டை முழுதாக வெளியே எடுத்தான். சுபாஸ்கரன் ஒரு பழைய சாக்கை விரித்தும், மண்ணெண்ணெய்யை ஒரு தகரத்தில் ஊற்றியும் கொடுத்தார். இடைக்கிடை படலைக்கு அப்பால் வீதியில் காயும் நெல்லை ஒரு கண் பார்த்துக்கொண்டார்.

"எந்தக் கராஜில செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

கொன்ஸ்ரன்ரைன் ஷாஃப்ட்டைத் துடைத்தபடி, "போன மாதம் ரவுனில செய்தது" என்றான்.

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அது பொய்தான் என்பது வாயை விட்டுப் போகும்போதே அவனுக்குத் தெரிந்தது.

"நோயாளியை ஏத்துற வாகனம் எண்டு தெரியாதோ அவனுக்கு? பேரைச் சொல்லுங்கோ. நெல்லுச் சூடு அடிச்சு முடிய நான் ஒருக்காப் போய்க் கதைக்கிறன்."

"பாப்பம்" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

பத்து மணிபோல் பெற்றிசியா போன் எடுத்தாள். பஸ் ரைவர் நல்ல மனிதராம். வழியில் யாரையும் ஏற்றாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாராம். "ஆனா பிந்திப்போச்சு. அண்ணைக்குப் பிறகு வேற ஆக்களுக்கும் மிசின் வேணும்தானே. அதால இண்டைக்குக் குறைச்சுத்தான் செய்வினமாம். வியாழக்கிழமை தவறவே கூடாது எண்டு நேர்ஸ் சொன்னவ. நெஞ்சில தண்ணி ஏறியிடுமாம்."

"ஓம்."

"என்னென்ன வாங்கவேணும்?"

சீலின் இலக்கத்தைச் சொன்னான். கம்பி வளையம் ஒன்று. கியர் ஒயில் மூன்று லீற்றர். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதினாள்.

பிறகுதான் அவன் அதைக் கண்டான். மண்ணெண்ணெய்யில் கழுவிய ஷாஃப்ட்டை வெயிலில் பிடித்துத் திருப்பியபோது, சீலின் உதடு உரசுகிற இடத்தில் மயிர்போல ஒரு வட்டக் கோடு மினுங்கியது. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தான். நகம் தடக்கியது. இரும்பே தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. படகு எஞ்சினில் விசிறித் தண்டில் தங்கூசி நைலோன் நூல் சுற்றிக்கொண்டால் இப்படித்தான் அறுக்கும். பிறகு எத்தனை புதுச் சீல் போட்டாலும் அந்தப் பள்ளத்தால் தண்ணீர் உள்ளே போகும். இங்கே ஒயில் வெளியே வருகிறது. கராஜ்காரர் போட்ட சீல் ஏன் கசிந்தது என்று இப்போது விளங்கிற்று. அந்த மனிதரில் ஒரு பிழையும் இல்லை. கசிவுக்குக் காரணம் பள்ளம். கழன்றதற்குக் காரணம் கொன்ஸ்ரன்ரைன்.

மத்தியானம் சுபாஸ்கரன் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, அவித்து நீரை வடித்த போஞ்சி. ஒரு வாய் வைத்தவன் நிமிர்ந்தான். எதிலும் உப்பில்லை.

"உப்பு வேணுமோ? அடுப்படியில தேடினா இருக்கும்" என்றார் சுபாஸ்கரன். "அண்ணைக்கு உப்புக் கூடாது. அண்ணி அவருக்கெண்டு தனியச் சமைக்கிறேல்ல. எல்லாருக்கும் ஒரே சட்டிதான். நாங்கள் உறைப்பா உப்பாத் திண்ண அவர் பாத்துக்கொண்டு இருக்கிறதோ எண்டு கேப்பா. நானும் இஞ்ச சாப்பிட்டுப் பழகிட்டன்."

"வேண்டாம்" என்றான் கொன்ஸ்ரன்ரைன். பிறந்ததிலிருந்து உப்புக் காற்றில் வளர்ந்தவன் அந்தச் சோற்றை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றான்.

இரண்டரைக்கு ஒரு ஓட்டோ படலையில் வந்து நின்றது. முதலில் பெற்றிசியா இறங்கினாள். அவளுடைய சட்டைத் தோளில் பெரிய ஈரம். எங்கோ பைப்பில் கழுவியிருக்கிறாள். கனகரத்தினத்தை அவளும் சிவலட்சுமியும் இரண்டு பக்கமும் பிடித்து விறாந்தைக்குக் கொண்டுவந்து கட்டிலில் படுத்தினார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முகம் உள்ளே இழுத்துப்போய், கண் மட்டும் பெரிதாக இருந்தது. கையில் ஊசி குத்திய இடத்தில் தடித்த பஞ்சு. கால் இரண்டும் வீங்கியிருந்தன. பெற்றிசியா நாளும் பொழுதும் சொல்லும் ஆளை அவன் இன்றுதான் நேரில் பார்த்தான்.

"ரவுனில ஆரோ கராஜ்காரன் பாத்த வேலையாம் அண்ணி" என்றார் சுபாஸ்கரன். "பூட்டாமலே விட்டிருக்கிறான்."

பெற்றிசியா தன் கணவனைப் பார்த்தாள். ஒரு நொடிதான். சாமான் பையை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அவள் போன பிறகு கொன்ஸ்ரன்ரைன் எழுந்து நின்றான். கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தான். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தான்.

"கராஜ்காரர் இல்லை அக்கா. அவர் போன மாதம் சீல் மட்டும்தான் மாத்தினவர். நேற்றுக் கழட்டிப் பூட்டினது நான். ஷாஃப்ட் உள்ளுக்குப் போய்ப் பிடிச்சால் ஒரு சத்தம் கேக்கவேணும். எனக்குக் கேக்கேல்ல. கேக்காமலே சில்லைப் பூட்டிப்போட்டன். இழுத்துப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பாக்கேல்ல. சுபாஸ்கரன் கேட்டபோதும் மறைச்சுப் போட்டன்."

சுபாஸ்கரன் வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவலட்சுமி கட்டிலின் கால்மாட்டில் இருந்தார். கணவனின் காலை மெல்ல எடுத்துத் தலையணையில் உயர்த்தி வைத்தார்.

"தம்பி, நான் ஏசிறதுக்குச் சொல்லேல்ல" என்றார் பிறகு. "ஆனா நீங்கள் அறியவேணும். நடுரோட்டில முக்கால் மணித்தியாலம் இந்த மனிசனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ரெண்டு பஸ் நிப்பாட்டாமப் போச்சு. மூண்டாவதும் போனா என்ன செய்யிறது எண்டு எனக்கு யோசிக்கவே பயமாக் கிடந்தது. இவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கினா நான் தனிய ஒண்டும் செய்யேலாது. அந்த நேரம் உங்கட மனிசி ரோட்டுக்கு நடுவில போய்க் கையை விரிச்சுக்கொண்டு நிண்டவ. பஸ் கிறீச்செண்டு அவவுக்கு முன்னால வந்து நிண்டது. அதை நீங்கள் காணேல்ல. நான் கண்டனான்."

பெற்றிசியா அதை அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. பஸ் ரைவர் நல்ல மனிதர் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"வியாழனுக்கு நான் வேற நல்ல வாகனம் ஒண்டு கதைச்சுத் தாறன் அக்கா" என்றான். "இனி எங்கட காரை நம்பி நீங்கள் ஏறவேண்டாம்."

கட்டிலில் இருந்து கனகரத்தினம் கையை அசைத்தார். கிட்ட வா என்று. கொன்ஸ்ரன்ரைன் போய்க் குந்தினான்.

"முந்தி என்னை ஏத்தினவை சீற்றில பொலித்தீன் விரிச்சுப்போட்டுத்தான் ஏத்திறவை" என்றார். மெல்லிய குரல். ஒவ்வொரு வசனத்துக்கும் மூச்சு எடுத்தார். "அவையைப் பிழை சொல்லேலாது. அவையின்ர வாகனம். ஆனா வெயிலுக்கு அந்தப் பொலித்தீன் முதுகோட ஒட்டும் தம்பி. இறங்கேக்க உரியிறமாதிரி இருக்கும். உங்கட மனிசி ஒருநாளும் விரிக்கேல்ல. பழுதாக்கினாலும் கழுவலாம் எண்டு சொல்லுவா. இண்டைக்குத் திரும்பி வரேக்க பஸ்ஸில சத்தி வந்தது, பை எடுக்க நேரமில்லை. தன்ர தோளைத் தந்தவ. அந்தக் காரை விட்டுட்டு நான் வேற எதில ஏறுறது?"

கொன்ஸ்ரன்ரைன் வேம்படியில் கிடந்த காரைத் திரும்பிப் பார்த்தான். அவசரப்படாமல் செய்தால் இன்று இருட்டுவதற்குள் முடியாது.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வருவியள்?"

"முதல் பஸ்ஸில வாறன் அண்ணை."

"வாங்கோ. அந்தச் சத்தம் கேக்குமட்டும் தள்ளுங்கோ" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சிவலட்சுமி எழுந்தார். "சாப்பிட்டனீங்களோ தம்பி?"

"சாப்பிட்டன் அக்கா."

"அப்ப தேத்தண்ணி வைக்கிறன்."

அன்று பின்னேரம் மன்னாருக்குத் திரும்பும் பஸ்ஸில் சனம் குறைவு. பெற்றிசியா யன்னல் பக்கம் இருந்தாள். தள்ளாடிச் சந்தியைத் தாண்டித் தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் வற்றிய சேறு மினுங்கியது. காற்று முகத்தில் அடித்தது.

"உனக்கு அப்பவே விளங்கினதுதானே" என்றான் அவன். "சுபாஸ்கரன் கராஜ்காரன் எண்டு சொன்னபோது ஏன் ஒண்டும் சொல்லாமக் கிணத்தடிக்குப் போனனீ?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்."

"சொல்லாம விட்டிருந்தா?"

"சொன்னனீங்கள்தானே. பிறகென்ன?"

"பஸ்ஸுக்கு முன்னால போய் நிண்டியாமே. உன்னை அடிச்சுப்போட்டுப் போயிருந்தா?"

"நான் ரைவர். மற்ற ரைவர் பிறேக் பிடிப்பானோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாதோ?" என்றாள். பிறகு அவளுடைய கை வந்து அவனுடைய கையின் மேல் கிடந்தது. அவன் தன் கையை அசைக்காமல் வைத்திருந்தான். தனக்கு வாய்த்தவளை நினைக்க அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வீட்டுக்குப் போனதும் அவளை இருக்கச்சொல்லிவிட்டு மீனைத் தானே கழுவினான்.

புதன்கிழமை காலை ஏழுக்கெல்லாம் அவர்கள் வேம்படியில் நின்றார்கள். சுபாஸ்கரன் முந்தியநாளைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. "இண்டைக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

"சீலை நேராத் தட்டி இறக்க வட்டமா ஒரு குழாய்த்துண்டு வேணும். அது ஒரு பக்கம் சரிஞ்சால் வேலை பிழைச்சிடும்."

சுபாஸ்கரன் வளவின் பின்பக்கம் போய், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் இரும்புக் குழாய் ஒன்றோடு வந்தார். சீலை அதன் வாயில் வைத்துப் பார்த்தார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, ஓரத்தை அரத்தால் உரஞ்சிக் கொடுத்தார்.

"இதைக் கடைசிமட்டும் இறக்கக்கூடாது" என்று கொன்ஸ்ரன்ரைன் விளங்கப்படுத்தினான். "பழைய இடத்தில ஷாஃப்ட்டில பள்ளம் விழுந்திருக்கு. சீலைக் கொஞ்சம் வெளியால நிப்பாட்டினா அதின்ர உதடு தேயாத இரும்பில பிடிக்கும். படகு எஞ்சினில நாங்கள் அப்பிடித்தான் செய்யிறது."

"எவ்வளவு வெளியால?"

கொன்ஸ்ரன்ரைன் யோசித்தான். நிலத்தில் சிந்திக் கிடந்த ஒரு நெல்லைப் பொறுக்கிக் காட்டினான். "இவ்வளவு. இதின்ர கனம்."

பெற்றிசியா சாக்கில் படுத்து ரோர்ச் வெளிச்சம் பிடித்தாள். அவன் முந்தாநாள் போட்ட சீலைக் கிண்டி எடுத்துவிட்டு, புதியதில் குழாயை வைத்து, சுத்தியலால் மெல்ல, சுற்றிச் சுற்றித் தட்டினான். நாலு தட்டுக்கு ஒருமுறை நிறுத்தி நகத்தால் அளந்து பார்த்தான். சரியான இடத்துக்கு வந்ததும் சீலின் உதட்டில் ஒயில் பூசினான். ஷாஃப்ட்டின் முனையில் புது வளையத்தைப் போட்டு, அது நடுவில் நிற்கக் கிறீஸால் அப்பினான். பல்லு வெட்டின முனை சீலில் முட்டாதபடி பெற்றிசியா வழிகாட்ட, சுபாஸ்கரன் மற்ற முனையைத் தாங்க, அவன் மூச்சைப் பிடித்துத் தள்ளினான்.

போய் இடையில் நின்றது. கொஞ்சம் திருப்பித் தள்ளினான். முதுகில் மின்னல் அடித்தது. விட்டு, மூச்சு வாங்கி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தான்.

டக்.

அடுப்படி யன்னலில் இருந்து சிவலட்சுமியின் குரல் கேட்டது. "தம்பி, இப்ப கேட்டது அதோ?"

"அதுதான் அக்கா."

ஆனாலும் அவன் ஷாஃப்ட்டைப் பிடித்து வெளியே இழுத்தான். அசையவில்லை. காலைக் காரில் உதைத்துக்கொண்டு இழுத்தான். பிறகு சுபாஸ்கரனை இழுக்கச் சொன்னான். வயல் வேலை செய்த கை. கார் முழுதாக ஒருதரம் ஆடியது. ஷாஃப்ட் வரவில்லை. "இது இனி மாடு கட்டி இழுத்தாலும் வராது" என்றார் சுபாஸ்கரன். அன்றைக்குத்தான் முதல்முறை சிரித்தார்.

இணைப்பையும் நட்டையும் சில்லையும் பூட்டி, காரை மட்டமாக இறக்கி, ஒரு போத்தலும் ரியூப்பும் வைத்து ஒயிலை ஊற்றினார்கள். மேல் ஓட்டையால் வழிந்து வரும்வரை ஊற்றி மூடினான். எஞ்சினை ஓடவிட்டு, கீழே ஒரு கடதாசி மட்டையை விரித்து, கால் மணித்தியாலம் காத்திருந்தார்கள். சிவலட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்தார். கனகரத்தினத்துக்கு மட்டும் அரைக் கோப்பை. அவருக்கு நாளுக்கு அளந்த தண்ணீர்தான். இன்று அவர் எழும்பிக் கட்டிலில் இருந்தார். மட்டையை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு துளி இல்லை.

"இனி ஓட்டிப் பாக்கவேணும்" என்றான் கொன்ஸ்ரன்ரைன். "நானும் இவவும் மட்டும் போயிட்டு வாறம்."

"நானும் வாறன்" என்றார் கனகரத்தினம்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்றார் சிவலட்சுமி. "நாளைக்குப் போறதுதானே. இண்டைக்குக் கிடவுங்கோ."

"நாளைக்கு ஏறுறது நான். அப்ப நான்தானே ஏறிப் பாக்கவேணும்." அவர் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "வாய்க்கால் ரோட்டால விடச் சொல்லு. அதில குழி கூட. நல்லாச் சோதிச்சுப் பாக்கலாம்."

சிவலட்சுமி அவரையே பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "அப்ப நானும் வாறன்" என்றார்.

பெற்றிசியா ஓட்டினாள். கொன்ஸ்ரன்ரைன் பக்கத்தில் இருந்து காதைக் கீழே கொடுத்துக்கொண்டு வந்தான். வாய்க்கால் ரோட்டில் ஒவ்வொரு குழியையும் அவள் தூங்கும் பிள்ளையைத் தூக்கி நடப்பவள்போல மெல்ல இறக்கி ஏற்றினாள். இரண்டு பக்கமும் விளைந்த வயல். ஒரு பக்கம் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. தூசி மஞ்சளாக எழும்பி நின்றது. கொக்குகள் அதன் பின்னால் நடந்தன.

"இதில நிப்பாட்டுங்கோ பிள்ளை" என்றார் கனகரத்தினம்.

நிறுத்தினாள். அது அவர்களுடைய வயல் என்பது சிவலட்சுமியின் முகத்தில் தெரிந்தது. இந்தப் போகம் முழுக்கச் சுபாஸ்கரன்தான் பார்த்தார். விதைத்ததையும் கனகரத்தினம் காணவில்லை, கதிர் வந்ததையும் காணவில்லை. எட்டு மாதமாக வீட்டை விட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியை விட்டால் வீடு.

"நான் கீழ ஒருக்காப் பாக்கிறன்" என்று கொன்ஸ்ரன்ரைன் இறங்கிக் காரின் கீழே படுத்தான். கியர்பொக்சின் பக்கத்தை விரலால் தடவினான். விரலில் தூசிதான் வந்தது. ஈரம் இல்லை. திரும்பவும் தடவினான். இல்லை. மாதாவே என்று மனதுக்குள் சொன்னான்.

கார்க் கதவு திறந்தது. அவன் படுத்த இடத்திலிருந்து கனகரத்தினத்தின் கால்கள் தெரிந்தன. வீங்கிய, பளபளத்த கால்கள். ஒன்று, பிறகு மற்றது. அவை செருப்பை ரோட்டில் கழற்றிவிட்டு, ஓரத்துப் புல்லில் மிதித்து, வரம்பில் இறங்கின. பின்னாலேயே சிவலட்சுமியின் கால்கள் வந்தன. அவரைத் தாங்கிப் பிடிக்காமல் ஒரு முழம் விட்டு நின்றன. நெற்கதிர் ஆளின் முழங்காலில் உரசுகிற சத்தம் கேட்டது. கால்கள் வயலுக்குள் போய் மறைந்தன.

கொன்ஸ்ரன்ரைன் எழும்பவில்லை.

பெற்றிசியா குனிந்து எட்டிப் பார்த்தாள். "ஒழுகுதோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லை. காய்ஞ்சு கிடக்கு."

"பிறகேன் கல்லில படுத்துக் கிடக்கிறியள்? முதுகு நோகப்போகுது."

அவன் கண்ணால் வயல் பக்கம் காட்டினான். அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ரோட்டில் அவனுக்குப் பக்கத்தில், காரின் நிழலில் இருந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வயலுக்குள் இருந்து கனகரத்தினத்தின் குரல் வந்தது. நேற்றைய குரலைவிடக் கொஞ்சம் உரமாக இருந்தது.

"என்ன தம்பி, ஒயில் ஒழுகுதோ?"

"இப்ப சொல்லேலாது அண்ணை" என்று காரின் கீழே கிடந்தபடியே கொன்ஸ்ரன்ரைன் கத்திச் சொன்னான். "ஒரு அரை மணித்தியாலம் நிண்டு பாத்தாத்தான் தெரியும்."

"ஓம், ஓம். ஆறுதலாப் பாருங்கோ" என்றது குரல். "எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை."